புனிதர் என்பவர் யார், திருவிழா எதற்கு: இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

கச்சத்தீவுத் திருவிழா நெருங்கும்போதெல்லாம் 'அந்தோணியாரை வழிபடப் பக்தர்கள் பயணம்' என்று செய்தி ஓடும். ஓரியூருக்குப் போய் மொட்டை போட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் 'அருளானந்தர் சாமி ரொம்பச் சக்தியுள்ள சாமி' என்பார். வேறு சபைக்குப் போகும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தால், சுவரில் இருக்கும் சூசையப்பர் (இயேசுவை வளர்த்த யோசேப்பு) படத்தைப் பார்த்து 'செத்தவர்களை ஏன் கும்பிடுகிறீர்கள்' என்று கேட்பார். கேட்கிறவர் மேல் தப்பில்லை, பதில் சொல்ல வேண்டிய கத்தோலிக்கப் பிள்ளைகள்தான் பாதி நேரம் முழிக்கிறார்கள், ஏனென்றால் சப்பரம் தூக்கத் தெரிந்த அளவுக்கு அதை ஏன் தூக்குகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தக் கரையில் பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், மூக்கையூர் என்று எங்கே போனாலும் ஒரு புனிதரின் பெயரைத் தாண்டாமல் நடக்க முடியாது. அதனால் இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். மறையியல் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

சாமியா, சிபாரிசுக்காரரா?

புனிதர்களை விளக்க நம் ஊரில் எல்லோரும் எடுப்பது கலெக்டர் ஆபீஸ் உதாரணம்தான். பெரிய அதிகாரியை நேரில் பார்க்க முடியாது, அவருக்கு வேண்டிய ஒருவரைப் பிடித்தால் காரியம் நடக்கும், கடவுள் அதிகாரி, அந்தோணியார் சிபாரிசு செய்கிறவர் என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கடவுள் நேரில் அணுக முடியாதவர், ஆள் பிடித்தால்தான் இரங்குவார் என்று ஆகிவிடுகிறதே! திருச்சபை அப்படிச் சொல்லவே இல்லை. 'விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று நேராகக் கூப்பிடத்தான் இயேசு சொல்லிக் கொடுத்தார்.

சரி, அப்புறம் புனிதர் எதற்கு? வாடைக் காற்று திடீரென்று பலமாகி, கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பெண் தானும் முழந்தாளிட்டு வேண்டுகிறாள், கோயில் வாசலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'எங்க வீட்டுக்காரருக்காக வேண்டிக்கோங்க அக்கா' என்றும் சொல்கிறாள். கடவுள் தனக்குக் காது கொடுக்கமாட்டார் என்று நினைத்தா சொல்கிறாள்? இல்லை. துன்பத்தில் தனியாக நிற்க முடியாது, ஒரே குடும்பமாகச் சேர்ந்து கேட்போம் என்று சொல்கிறாள். கத்தோலிக்கர் புனிதரிடம் வைக்கும் வேண்டுகோளும் இந்த வகைதான். ஒரே ஒரு வித்தியாசம், அந்த அக்கா உயிரோடு இருக்கிறார், அந்தோணியார் 1231-இலேயே இறந்துவிட்டார்.

சிக்கல் முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. செத்தவர் எப்படி வேண்டுவார்? இதற்குத் திருச்சபை தரும் பதிலுக்குப் பெயர் புனிதர்களின் சமூக உறவு. கிறிஸ்துவோடு இணைந்தவர்களை மரணம் அவரிடமிருந்து பிரிக்காது, அதனால் ஒருவரிடமிருந்து ஒருவரையும் பிரிக்காது, இந்த உலகில் இருக்கிறவர்களும் இறந்து கடவுளிடம் போனவர்களும் ஒரே குடும்பம் என்பதுதான் அதன் பொருள். ஞாயிறு திருப்பலியில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது 'புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்கிறோமே, அது இதுதான். பழைய ஜெபப் புத்தகங்களில் புனிதரை 'அர்ச்சியசிஷ்டர்' என்பார்கள். பழைய கோயில் கல்வெட்டுகளிலும் கல்லறைகளிலும் 'அர்ச்.' என்று சுருக்கமாக இருந்தால் அது புனிதர் என்பதற்கான பழைய சொல்.

வேண்டுகோளைக் கவனித்துக் கேளுங்கள்

ஆராதனை, வணக்கம் என்று இரண்டு இருக்கிறது. ஆராதனை என்பது படைத்தவருக்கு மட்டும் செலுத்துவது. வணக்கம் என்பது கடவுளின் அருளால் நன்றாக வாழ்ந்தவருக்குக் காட்டும் மரியாதை. மாதாவுக்கு மற்ற எல்லாப் புனிதர்களையும்விட மேலான வணக்கம் உண்டு, ஆனால் அதுவும் ஆராதனை கிடையாது. சுரூபங்களை, அதாவது புனிதர் சிலைகளையும் படங்களையும், வைக்கலாமா என்ற சண்டை பல காலம் ஓடி, 787-இல் நிசேயா நகரில் இரண்டாம் முறையாகக் கூடிய ஆயர்கள் சங்கம் இந்தப் பிரிவைத் தெளிவாகச் சொன்னது. படத்துக்குக் காட்டும் மரியாதை படத்தில் இருப்பவருக்குப் போய்ச் சேருகிறது, ஆராதனையோ கடவுளுக்கு மட்டுமே.

சங்கத்தின் தீர்மானத்தைப் படிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. திருவிழா மாலையில் மன்றாட்டுமாலை சொல்லும்போது நின்று கேட்டாலே போதும். ஒருவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, கூட்டம் மொத்தமும் பதில் சொல்லும். தந்தை, மகன், தூய ஆவி என்று வரும்போது கூட்டம் இரக்கத்தை மன்றாடும். புனித மரியே, புனித சூசையப்பரே, புனித அந்தோணியாரே என்று தொடங்கியதும் பதில் மாறிவிடும், 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்த இடத்தில் தவறமாட்டார். கடவுளிடம் 'தாரும்' என்பார், புனிதரிடம் 'எங்களோடு சேர்ந்து கேளும்' என்பார். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் கடைசி வரியும் இதே வேண்டுகோள்தான்.

வேறு சபைச் சகோதரர்களின் கேள்வியையும் லேசாகத் தள்ளக்கூடாது. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்பவர் கிறிஸ்து ஒருவரே என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் சொல்கிறது, அதை வைத்துத்தான் அவர்கள் புனிதர்களிடம் வேண்டுகோள் வைப்பதில்லை. அந்த வசனத்தைக் கத்தோலிக்கரும் அப்படியே ஏற்கிறோம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில்தான் எல்லோருக்காகவும் வேண்டுங்கள் என்று பவுல் கேட்கிறார். ஒருவருக்காக ஒருவர் வேண்டுவது கிறிஸ்துவின் இடத்தைப் பிடிப்பதாகாது என்பது நம் பதில். இறந்தவர்களும் அப்படி வேண்டுகிறார்களா என்பதில்தான் இரு பக்கமும் பிரிகிறோம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: புனிதர் கடவுளும் இல்லை, ஆபீஸ் தரகரும் இல்லை. இறந்த பிறகும் நம் குடும்பத்தில் இருக்கிறவர், நம்மோடு சேர்ந்து வேண்டுகிறவர்.

புனிதர் என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஓரியூர் சொல்லும் கதை

போப்பாண்டவர் பட்டம் கொடுத்ததும் ஒருவர் புனிதர் ஆகிவிடுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் யாரையும் புனிதர் ஆக்குவதில்லை. இவர் ஏற்கெனவே கடவுளிடம் இருக்கிறார், நீங்கள் நம்பி இவர் வேண்டுதலைக் கேட்கலாம் என்று உறுதி கூறுகிறார், அவ்வளவுதான்.

அருளானந்தரை எடுத்துக்கொள்வோம். இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. 1647-இல் லிஸ்பனில் பெரிய வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் கடுமையாக நோயுற்றபோது அவர் தாயார் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார், பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபை என்ற துறவற சபையாரின் அங்கியை அவனுக்குப் போட்டு வைப்பதாக. பிழைத்தான், போட்டுக்கொண்டான். சவேரியார் யார்? 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் நடந்து திரிந்து, 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவில் இறந்தவர். நம் கடற்கரையில் நடந்தவரிடம் லிஸ்பனில் ஒரு தாய் தன் பிள்ளைக்காக வேண்டச் சொல்கிறார், அந்தப் பிள்ளை வளர்ந்து நம் மறவர் சீமைக்கே வந்து உயிரை விடுகிறார். சமூக உறவு என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இங்கே வந்தவர் பண்டாரசாமி எனப்படும் துறவியின் கோலத்தில், காவி உடுத்தி, புலால் விட்டு வாழ்ந்தார். 1686-இல் பிடிபட்டு வதைக்கப்பட்டார், ஐரோப்பா போனார், அங்கேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல் 1690-இல் திரும்பி வந்தார். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் பெற விரும்பியபோது, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கவேண்டும் என்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினர். பகை அங்கே மூண்டது. கைதாகி இராமநாதபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அது சாம்பல் புதன் வேறு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள்.

விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவரை மறைசாட்சி என்பார்கள். ஓரியூர் மக்கள் ரோமின் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை, இரத்தம் விழுந்த இடத்தைத் தேடிப் போகத் தொடங்கிவிட்டார்கள். அங்குள்ள மண் சிவப்பாக இருப்பதை அவர் இரத்தத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள், ஒரு கைப்பிடி எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு போவார்கள். 'செம்மண் புனிதர்' என்ற பெயரே அப்படி வந்தது.

ஆனால் திருச்சபை அவசரப்படவில்லை. 1853-இல் அருளாளர் என்றும், 1947 ஜூன் 22 அன்று புனிதர் என்றும் அறிவித்தது. இறந்து 254 ஆண்டுகள்! அவருடைய சந்நியாசிக் கோலமும் இங்குள்ள வழக்கங்களை அவர் ஏற்றுக்கொண்டதும் சரியா என்று நீண்ட விவாதம் நடந்தது, நடுவில் 1773 முதல் 1814 வரை இயேசு சபையே கலைக்கப்பட்டிருந்தது. எதிர்மாறாக அந்தோணியாருக்கோ இறந்து ஒரு வருடம் முடியுமுன்னே, 1232 மே 30 அன்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

இன்றைய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் இறந்து பொதுவாக ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு, அவர் இறந்த மறைமாவட்டம் விசாரணையைத் தொடங்கும். அப்போது அவர் இறை ஊழியர். வாழ்க்கையைத் தோண்டித் துருவி, நற்பண்புகள் வீரமாக இருந்தன என்று தெரிந்தால் வணக்கத்துக்குரியவர். அவர் வேண்டுதலால் ஓர் அற்புதம் நடந்தது என்று உறுதியானால் அருளாளர், இன்னொன்றும் உறுதியானால் புனிதர். மறைசாட்சிக்கு மட்டும் முதல் அற்புதம் தேவையில்லை, உயிர் கொடுத்ததே போதும். அற்புதம் என்று வருவது பெரும்பாலும் நோய் குணமாவது, அதை முதலில் மருத்துவர் குழு பார்க்கும். 'மருத்துவத்தால் விளக்க முடியவில்லை' என்பதுதான் அவர்கள் சொல்லவேண்டியது, அதற்குப் பிறகே மறையியலார் கைக்குப் போகும். 1752-இல் கொல்லப்பட்ட தேவசகாயம் இப்படித்தான் 2012-இல் அருளாளராகி, 2022 மே 15 அன்று புனிதரானார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மண்டபம் பக்கம் வேதாளையில் 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று அந்தச் சபையார் அவரைச் சொல்வார்கள். அவருக்கு இன்றுவரை பட்டம் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததால் அவர் கடவுளிடம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பெயர் தெரியாத எல்லாருக்கும் சேர்த்துத்தான் நவம்பர் 1 அன்று அனைத்துப் புனிதர் பெருவிழா வைத்திருக்கிறார்கள். மறுநாள் கல்லறைத் திருநாள். மழைக்காலம், மணல் ஈரமாக இருக்கும், காற்று மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டே இருக்கும், பெண்கள் முந்தானையால் மறைத்து மறைத்து ஏற்றுவார்கள். அந்த இரண்டு நாளும் அடுத்தடுத்து வருவதை யோசித்துப் பாருங்கள், பட்டம் வாங்கியவரையும் நம் வீட்டுத் தாத்தாவையும் திருச்சபை எவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கிறது!

திருநாள் ஒன்று, ஊர்த் திருவிழா இன்னொன்று

அடுத்த குழப்பம் தேதி. ஒரு புனிதரின் திருநாள் என்பது திருச்சபை நாள்காட்டியில் அவர் பெயருக்கு எழுதப்பட்ட நாள், பெரும்பாலும் அவர் இறந்த நாள். நாம் பிறந்தநாள் கொண்டாடுகிறோம், திருச்சபை இறந்த நாளையே விண்ணகத்தில் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அந்தோணியார் ஜூன் 13, சவேரியார் டிசம்பர் 3, அருளானந்தர் பிப்ரவரி 4 எல்லாமே இறந்த நாள்தான். மண்ணில் பிறந்ததையும் கொண்டாடுவது இயேசுவுக்கும், மாதாவுக்கும், திருமுழுக்கு யோவானுக்கும் மட்டும். நாள்காட்டியில் பெருவிழா, விழா, நினைவு என்று மூன்று படி உண்டு. உலகம் முழுக்க 'நினைவு' என்று இருக்கும் அந்தோணியார் நாள், அவர் பெயரில் கோயில் உள்ள ஊரில் பெருவிழாவாகிவிடும். குருவின் மேலாடையைப் பார்த்தாலும் தெரியும், மறைசாட்சிக்குச் சிவப்பு, மற்றவர்களுக்கு வெள்ளை.

ஊர்த் திருவிழா வேறு. கொடியேற்றம், நவநாள், சப்பரப் பவனி, திருவிழாத் திருப்பலி, கொடியிறக்கம் என்று ஊர் நடத்துவது. நவநாள் என்றால் ஒன்பது நாள் ஜெபம். இயேசு விண்ணேறிய பிறகு தூய ஆவி வரும்வரை சீடர்களும் மரியாவும் கூடி வேண்டிக்கொண்டிருந்த நாட்களை நினைத்து வந்தது. ஊர்த் திருவிழா திருநாளை ஒட்டியே வரலாம். தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் (யாக்கோபு) கோயிலில் ஜூலையில் கொடி ஏறுவது ஜூலை 25 அவர் திருநாள் என்பதால்தான். அங்கே இந்துக்களும் இஸ்லாமியரும் சேர்ந்து நிற்பது பழைய வழக்கம், யாரும் அதை ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை.

கச்சத்தீவு அப்படி இல்லை. அந்தோணியாரின் நாள் ஜூன் 13, தீவில் திருவிழாவோ பிப்ரவரி, மார்ச்சில். ஜூன் மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது அந்தக் கடலைத் தெரிந்தவர்கள் குடும்பத்தோடு படகில் ஏற நினைக்கமாட்டார்கள். பெரும்பாலும் தவக்காலத்தில் விழுவதால் அங்கே கொடியேற்றத்தோடு, இயேசு சிலுவை சுமந்ததை நினைத்து வேண்டும் சிலுவைப்பாதையும் உண்டு. ஒரு புனிதரின் திருவிழாவில் சிலுவைப்பாதை முக்கியமாக இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும், புனிதர் கையைப் பிடித்துச் சிலுவையிடம் கொண்டுபோய் விடுகிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை ஏன் அந்தோணியார் நாள் என்றும் கேட்பார்கள். அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவே காரணம்.

சுருக்கமாக: நாள்காட்டி நாள் உலகத்துக்கெல்லாம் ஒன்று, திருவிழா அந்தந்த ஊர் தன் கடலையும் காற்றையும் பார்த்து வைத்துக்கொள்வது. இரண்டும் ஒரே நாளில் விழவேண்டும் என்பதில்லை.

பாட்டுக்குள் வந்த புனிதர்கள்

பாலஸ்தீனத்து தச்சர் ஒருவர் எப்படி நம் வீட்டு மனிதரானார்? பாதி வேலையைப் பாட்டுதான் செய்தது. வீரமாமுனிவர் 1726-இல் முடித்த தேம்பாவணி முழுக்கச் சூசையப்பர் கதை. மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, அப்படிப்பட்டவருக்குத் தமிழில் ஒரு காப்பியம்! யோசேப்பு என்ற பெயரை 'வளன்' என்று தமிழாக்கி, நம் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கி, யூதேயாவைத் தமிழ்க் காப்பியங்களின் வளமான நாடு மாதிரியே பாடினார் இத்தாலியில் பிறந்த அந்த மனிதர். கடலுக்கு அந்தப்பக்கம், யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647-இலேயே சந்தியாகப்பர் மேல் ஓர் அம்மானை பாடிவிட்டார். அம்மானை என்பது நாலு பேர் கூடி உட்கார்ந்து பாடிக் கேட்க வசதியான நடை. மறையுரை கேட்டதை மறந்தவர்களும் பாட்டை மறக்கமாட்டார்கள்.

பாட்டில் வருவதெல்லாம் வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தோணியார் ரிமினி கடற்கரையில் மீன்களுக்குப் போதித்தார், மீன்கள் தலை தூக்கிக் கேட்டன என்ற கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உயிர். அது பக்திக் கதை. நம்பவேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதைச் சொல்லக்கூடாது என்றும் யாரும் தடுப்பதில்லை, மனிதர் கேட்காத நல்ல செய்தியை மீன் கேட்டது என்பதில் ஒரு குத்தல் இருக்கிறது, அது நமக்கு வேண்டும்.

அன்றாடத்தில்

படகில் பெயர் எழுதுகிறோம், பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். ராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், இன்னாசி என்றால் இக்னேசியஸ், சந்தியாகு என்றால் யாக்கோபு. ஞானஸ்நானத்தில் புனிதர் பெயர் வைப்பது அதிர்ஷ்டத்துக்காக வைப்பதில்லை. இவர் மாதிரி வாழ் என்று பிள்ளை கையில் ஒரு ஆளைக் காட்டிக் கொடுப்பது. வலை தொலைந்தால் அந்தோணியாரைக் கூப்பிடுகிறோம், கிடைத்ததும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். இதில் ஒரு இடத்தில் மட்டும் நாம் வழுக்கி விழுகிறோம், நேர்ச்சையில். நேர்ச்சை என்பது கடவுளுக்குக் கொடுத்த வாக்கு, நன்றியின் அடையாளம். 'இதைச் செய்து கொடு, ஆடு தருகிறேன்' என்று பேரம் பேசுவதாக அது மாறினால், முன்னே சொன்ன கலெக்டர் ஆபீஸுக்கே திரும்பிப் போய்விடுகிறோம். மொட்டை போடுவதும் உப்பு மிளகு கொட்டுவதும் நம் மண்ணின் வழக்கம், அதில் குறையில்லை, மனதில் என்ன நினைத்துச் செய்கிறோம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

முதல்முறை போகிறவர்களுக்கு

எந்த மதத்தவரும் வரலாம். மெழுகுவர்த்தி ஏற்றலாம், சப்பரத்தின் பின்னால் நடக்கலாம், ஊர்ச் சாப்பாட்டில் உட்காரலாம். திருப்பலியில் நற்கருணை (குரு தரும் அப்பம்) வாங்குவது மட்டும் அதற்குத் தயாரித்த கத்தோலிக்கருக்கு உரியது, அந்த நேரத்தில் இடத்திலேயே இருந்துவிட்டால் போதும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஓரியூருக்குத் திருவாடானை வழியாகப் போகலாம், பிப்ரவரி 4-ஐ ஒட்டிக் கூட்டம் அதிகம், அமைதியாகப் பார்க்க நினைத்தால் வேறு நாளில் போங்கள். கச்சத்தீவுக்குப் போக 1974 ஒப்பந்தப்படி பாஸ்போர்ட்டோ விசாவோ வேண்டாம், ஆனால் இராமேசுவரத்தில் முன்கூட்டியே பெயர் பதிந்து அடையாள அட்டை காட்டவேண்டும். தீவில் குடிநீர் கிடையாது, கொண்டுபோங்கள்.